சித்தன்னவாசல் கூரையின் கீழ் தம்பதியர் தர்க்கம்: ஓர் ஆய்வு

கணவனும் மனைவியும் சேர்ந்து ஓவியம் பார்ப்பதைப் பற்றி நம் கலை வரலாற்று நூல்கள் மூச்சு விடுவதில்லை. சுண்ணம் எப்படிப் பூசினார்கள், காவியை எதில் குழைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அந்த ஓவியத்தின் கீழே நின்று "ஏங்க, அது என்னங்க?" என்று கேட்கும் குரலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

களம், புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் சித்தன்னவாசல் சமணக் குடைவரை. மாதிரி, இக்கட்டுரையாளரும் அவருடைய மனைவியும். இரண்டு பேர் போதுமா என்று கேட்போர், எங்களுக்குள் எழும் கருத்துகளின் எண்ணிக்கையை அறியாதவர்கள்.

அர்த்த மண்டபக் கூரையில் ஒரு தாமரைக் குளம். மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். ஒருவர் தோளில் தாமரைக் கட்டைச் சுமந்து நிற்கிறார். இது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் அவையான சமவசரணத்தைச் சேர்ந்த காட்சி என்பர் அறிஞர். "பூ பறிக்க மூணு ஆம்பளைங்க போயிருக்காங்க. நம்ம வீட்ல கொத்தமல்லி வாங்க ஒருத்தர் போக மாட்டேங்கிறாரு" என்பது மனைவியின் விளக்கம். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

இங்கே ஆய்வின் முதல் கண்டுபிடிப்பைச் சொல்லியாக வேண்டும். ஓவியம் கூரையில் இருப்பதால் இருவரும் அண்ணாந்தே பேசியாக வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. பேச்சு எவ்வளவு முற்றினாலும் முறைக்க முடியாது. வீட்டில் நேருக்கு நேர் சொல்லத் தயங்குவதையெல்லாம் குளத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கழுத்து வலிதான் பேச்சுக்குக் கால வரம்பு.

இரண்டாவது, சிதைவின் பயன். சுண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. "அந்த ஓரத்துல இருக்கறது எருமை."

"யானைங்க. தும்பிக்கை தெரியல?"

"அது தாமரைத் தண்டு."

"அவ்வளவு தடியாவா?"

இந்த உரையாடல் முழுசாக இருக்கும் ஓவியத்தின் முன் நடக்கவே நடக்காது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து ரவிவர்மா ஓவியங்களை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் கண் மட்டத்தில், தெளிவாக, பட்டுப் புடவைச் சரிகை உட்பட. பேச்சு உடனே "நம்ம பெரியத்தை ஜாடை இல்ல?" என்று திரும்பி, பெரியத்தையின் அட்டிகை கடைசியில் யாரிடம் போனது என்ற இடத்தில் போய் நின்றுவிடும். ஓவியர்மேல் குற்றமில்லை. ஊகிக்க அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊகம் தவறினால் என்ன ஆகும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சான்று. இவ்வோவியங்கள் 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்றே அறிஞர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிறகு முகப்பருகே உள்ள தமிழ்க் கல்வெட்டு கவனத்துக்கு வந்தது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்ததை அது சொல்கிறது. காலம் 9ஆம் நூற்றாண்டுக்கு இறங்கியது. அறிஞர்களுக்கே 200 ஆண்டு பிசகலாம் என்றால் ஒரு கணவனுக்கு ஓர் எருமை பிசகக் கூடாதா?

தூண்களில் இரண்டு ஆடல் மகளிர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கணவரின் கருத்துகளை, குடும்ப நலன் கருதி, ஆய்விலிருந்து விலக்கியிருக்கிறோம்.

தூண் ஒன்றில் மங்கிய நிலையில் ஓர் அரசனும் அரசியும் உண்டு. ஸ்ரீவல்லபனும் அவன் தேவியும் என்று பலர் கருதுகிறார்கள். நம் துறையில் மூத்த தம்பதி.

"பாருங்க, அவங்களையும் பின்னாடிதான் நிக்க வெச்சிருக்காங்க."

"தூண் அகலம் அவ்வளவுதாம்மா."

"அப்ப அவரு பின்னாடி நிக்கறது?"

இதற்கு ஆய்வாளரிடம் விடையில்லை. கல்வெட்டிலும் இல்லை.

நிறைவாகத் தொல்லியல் துறைக்கு ஒரு பரிந்துரை. கூரையின் அந்த ஓரத்தில் இருப்பது எது என்று எந்த விளக்கப் பலகையிலும் எழுதிவிட வேண்டாம். புதுக்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில் எங்களுக்குப் பேச வேறு விஷயம் இல்லை.