பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பது எப்படி?

ஜூன் முதல் தேதியில் தொடங்குங்கள். கேரளத்தில் பள்ளி திறப்பதும் இடவப்பாதி மழை இறங்குவதும் அநேகமாக ஒரே சமயம். இடம், குமுளி பஜார். எல்லை கேட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ், இந்தப் பக்கம் ஆனவண்டி என்கிற கேரள அரசு பஸ், இடையில் கிடைத்த சந்திலெல்லாம் ஆட்டோ.

முதலில் குடை. வண்டி வரும் திசைக்கே சாய்த்துப் பிடியுங்கள். நம் கண்ணில் படாத ஜீப் நம்மை இடிக்காது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் என்றால் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள். அதற்கு வேலை நேரத்துக்குள் ஆளை இறக்கியாக வேண்டும்.

பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கத் தேவையில்லை. புத்தகப் பையின் வாரே போதும். பிள்ளை நழுவினாலும் பை பத்திரமாக இருக்கும். மறு கையில் குடையோடு போனும் இருப்பதால் பிள்ளை வண்டி வரும் பக்கம்தான் நடந்தாக வேண்டும்.

வெள்ளைக் கோட்டைத் தேடி அலையாதீர்கள். கோட்டில் ஆள் இருந்தால் வண்டி வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஓட்டுநருக்கு அதை வாசித்துக் காட்ட உங்களுக்கு நேரமிருக்காது. உள்ளங்கையைக் காட்டியபடி இறங்கிவிடுங்கள். ஊருக்குப் போகக் கை காட்டினால் நிற்காத பஸ், இதற்கு நின்றே தீரும். “வலது, இடது, மறுபடி வலது” என்று பிள்ளை ஒப்பித்தால், “வாயை மூடிட்டு வாடா.”

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலும் கோபாலபுரத்திலும், மலை வளைவு கிடையாது. அதனால் தூரத்தில் தெரியும் தேங்காய் லாரி தூரத்திலேயே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேலை இருந்தால் ரோட்டைக் கடக்கும் யாரிடமாவது பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே “பாத்துப் போ” என்று கத்துங்கள். இந்த ஒரு வழக்கத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் விரலை நீட்ட, பிள்ளை பற்றிக்கொள்ள, அந்தப் பக்கம் போனதும் பேர்கூடக் கேட்காமல் பிரிந்துவிடுகிறார்கள்.

பள்ளி வாசலில் காக்கி உடுப்பில் ஸ்டூடண்ட் போலீஸ் நிற்கலாம். 2010-இல் கேரளம் தொடங்கிய திட்டம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை நீட்டி ஜீப்பையே நிறுத்துவாள். அடுத்து உங்களையும் நிற்கச் சொல்வாள். உங்கள் வயசென்ன, அவள் வயசென்ன! குனிந்து அவள் கைக்கு அடியில் புகுந்து போய்விடுங்கள். அந்தப் பக்கம் சேர்ந்து திரும்பினால் பிள்ளை அங்கேயே நிற்பான், அவள் கை இறங்கட்டும் என்று. “மசமசன்னு நிக்காம வாடா” என்று இங்கிருந்தே சத்தம் போடுங்கள்.