பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாரா?

மேன்மை தங்கிய காத்திருப்புப் பட்டியல் அவர்களின் சமூகத்துக்கு,

பங்சாரிலிருந்து ஒரு தாய் வணக்கத்துடன் எழுதுவது. என் மகனுக்கு வயது நான்கு. அதில் பதினான்கு மாதங்களைத் தங்கள் பராமரிப்பில் கழித்திருக்கிறான்.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன அன்றே இன்னொன்றும் சொன்னார்: "தாமதிக்காதீங்கம்மா, இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்." அறையை விட்டு வெளியே வந்தேன். பத்தடி தள்ளி, அதே தாழ்வாரத்தில், கவுண்டர் பெண் பேச்சுப் பயிற்சிக்குத் தேதி எழுதித் தந்தார். ஒன்பது மாதம் கழித்து! அந்தத் தேதி வந்தபோது சிகிச்சையாளர் மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது வேறொரு தேதி.

குறை சொல்ல எழுதவில்லை. அவன் தளர்நடை போட்ட வயதில் கிளினிக் தாதி, ஆட்டிச அறிகுறிகளைக் கண்டறியும் எம்-சாட் பாரம் ஒன்றை நிரப்பச் சொன்னார். நம் ஊரில் படிவத்தைப் பாரம் என்கிறோமே, எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தெரியாது. போன வாரம் தூக்கம் வராமல் அதே பாரத்தைத் தங்களுக்காக நிரப்பிப் பார்த்தேன்.

பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாரா? இல்லை. தொலைபேசியில் ஏழு முறை கூப்பிட்டேன். இசை நன்றாக இருந்தது. ஒன்றைச் சுட்டிக் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறாரா? அதுவும் இல்லை. நான் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைச் சுட்டிக் காட்டினேன்; தாங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நல்ல சட்டம்தான். கல்வியிலிருந்து இவர்களை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஒதுக்கினால் என்ன தண்டனை என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்பதை மறக்காமல் எழுதிவிட்டார்கள். தங்கள் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பதினான்கு மாதங்களாக நல்லெண்ணத்தோடு எதையும் செய்யாமலே இருக்கிறீர்கள்.

என் மகனோடு தங்களை ஒப்பிட்டது அவனுக்குச் செய்த அநியாயம். அவன் மூன்றாவது முறை கூப்பிட்டால் திரும்பிவிடுவான்.

அட்டை மட்டும் கைக்கு வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை. "ஓ.கே., யூ வெயிட்" என்று முழுதாக அச்சடிக்க இடம் போதவில்லை போலும்.

தனியாரிடம் போகலாமே என்பார்கள். போகிறோம். ஓர் அமர்வுக்கு 160 ரிங்கிட், வாரம் இருமுறை, ஆண்டுக்கு 16,640. இதற்காகத்தான் வரிக் கழிவு தந்தார்களே, 2025 மதிப்பீட்டாண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை! என் கணவர் துள்ளிக் குதித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார். அவர் நிற்பது 11 விழுக்காட்டுப் படியில். ஆகவே கையில் நின்றது 660 ரிங்கிட். நான்கு அமர்வு. இரண்டு வாரம். மீதி ஐம்பது வாரம் அவன் சொந்தமாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது.

பேச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓர் அறிக்கையில் "சொற்கள்: இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அவன் "தண்ணி" என்கிறான். "தா" என்கிறான். அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் கோமுட்டர் ஏறியதும், கிள்ளானில் இருக்கும் என் அம்மாவை நினைத்து "பாத்தி" என்கிறான். சோதனையோ ஆங்கிலத்தில் நடந்தது. குழம்பிப் போவான், வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று அறிவுரையும் வந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவர்களும் தங்கள் வரிசையில்தான் எங்கோ நிற்கிறார்கள் போல. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "இனிமே பேரன்கிட்ட பேசாதீங்கம்மா, அவனுக்குப் பேச்சு வரணும்" என்றா?

வரிசை எங்களுக்குப் புதிதல்ல. பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயர் தேய்ந்துதான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வரிசை நின்றார்கள். தோட்டக் குமாஸ்தாவான கிராணி பேர் வாசிப்பார். கிராணியைப் பற்றி என் தாத்தா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்த மனிதர் தினமும் வந்தார், பெயரைக் கூப்பிட்டார்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். "பொருள்களை வரிசையாக அடுக்குகிறான்" என்று மகனைப் பற்றிக் குறையாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். தங்கள் இயந்திரம் துப்பிய நம்பர் சீட்டுகள் இருபத்து மூன்றை வைத்திருக்கிறான். ஒவ்வோர் இரவும் சிறியதிலிருந்து பெரியதுவரை தரையில் அடுக்குவான். ஒன்று சோபாவுக்கு அடியில் போய்விட்டால், அதைத் தேடி எடுத்து அதன் இடத்தில் வைத்த பிறகுதான் படுப்பான்.

தங்களிடம் ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
3047