காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு குளிர்காலக் கடிதம்

உட்ரெக்ட், நெதர்லாந்து
மார்கழி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அங்கே இருபது டிகிரிக்கே குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக டீக்கடைக்குக் கிளம்புகிறீர்களாம், சித்தி போனில் சிரிக்கிறாள். இங்கே நேற்றுக் காலை 5 டிகிரி. அதில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்தால், எதிர்க்காற்றில் உடம்புக்கு 1 டிகிரியாகத் தெரியும். மிதிக்காமலும் இருக்க முடியாது. இந்த நாட்டில் ஜனத்தொகையைவிட சைக்கிள்தொகை அதிகம். நம் அத்திவரதர் எழுந்தருளிய அதே 2019-இல் இந்த ஊர்க்காரர்கள் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் கொள்ளும் நிறுத்தத்தை முழுசாகத் திறந்தார்கள். அதில் சொந்த சைக்கிளைத் தேடுவது, வரதரைச் சேவிக்கப் போன கூட்டத்தில் செருப்பைத் தேடுவது போலத்தான்.

"கனமா ஒரு கோட்டு வாங்கிக்கோ" என்றீர்களே, அந்தக் கோட்டுதான் எமன். கொஞ்ச தூரம் மிதித்ததும் உள்ளே வியர்த்து ஊற்றும். சிக்னலில் நின்றால் அந்த ஈரமே ஜில்லிட்டு முதுகைப் பிடிக்கும். ஆகவே மெல்லிசாக மூன்று உடுப்பு. தோலை ஒட்டி மெரினோ கம்பளிப் பனியன். நனைந்தாலும் கதகதப்பு போகாது, நாலு நாள் துவைக்காவிட்டாலும் நாறாது (சித்திக்கு இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்). பருத்தி குடித்த தண்ணீரை லேசில் விடாது. அம்மா கொடுத்தனுப்பிய திருப்பூர் பனியன்கள் படுக்கைக்கு மட்டும். நடுவில் ஃப்ளீஸ். அதற்கு மேல் காற்று நுழையாத ஜாக்கெட்.

ஜாக்கெட் எடுப்பதுதான் பெரிய கல்யாணம். நம் காந்தி ரோட்டில் புடவை எடுப்பவர்கள் முந்தியைப் பார்ப்பார்கள், இங்கே நான் முதுகைப் பார்க்கிறேன். குனிந்து மிதிக்கும்போது இடுப்பு வெளியே தெரியாத நீளம் வேண்டும். கை மணிக்கட்டைத் தாண்ட வேண்டும். அக்குளில் ஜிப் வேண்டும், சூடானால் திறந்துவிட. டிசம்பரில் நாலரைக்கே பொழுது சாய்வதால் விளக்கொளியில் மின்னும் பட்டையும் வேண்டும், நம் ஜரிகைக்கு இங்கே அதுதான் பதிலாள். மலிவான பிளாஸ்டிக் மழைக்கோட்டு மழையை வெளியே நிறுத்தி வியர்வையை உள்ளே பூட்டிவிடும். நீராவியை வெளியே விட்டு மழைத்துளியைத் தடுக்கும் கோர்டெக்ஸ் ரகமும் உண்டு. விலையைக் கேட்டால் ஒரு முகூர்த்தப் புடவையே எடுத்துவிடலாம் என்று தோன்றும்.

வாசலில் நிற்கும்போது சுகமாக இருந்தால் ஒரு உடுப்பு அதிகம் என்று அர்த்தம். லேசாக நடுங்கிக்கொண்டே கிளம்ப வேண்டும். முதல் நாள் இதைக் கேட்டபோது பைத்தியக்காரத்தனமாக இருந்தது, ஆனால் சரியான கணக்கு. விரலும் காதும் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காது.

கையுறைக்குள் போடும் மெல்லிய உள்ளுறையைப் பட்டில் விற்கிறார்கள், பட்டுப் பனியனும் உண்டு. உடனே தறியில் உட்கார்ந்துவிடாதீர்கள். நம் முறுக்குப் பட்டு இதற்குக் கனம், இது ஊசியில் பின்னும் வேலை. மீறி அனுப்புவதானால் கோர்வைக் கரை மட்டும் வேண்டாம். பார்சலில் மிச்சமிருக்கும் இடத்தில் சுக்கும் மிளகும் வைக்கவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்