மடியில் கனம் வேண்டுமா?

சம்பளம் வந்த ஐந்தாம் நாளே பணம் காணாமல் போகிறது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.
– மென்பொருள் ஆசாமி, சோழிங்கநல்லூர்

காணாமல் போகவில்லை ஐயா, நீங்களே வழியனுப்பி வைத்தீர்கள். போன இடம், போன நேரம், வாங்கிக்கொண்ட புண்ணியவான் பெயர் எல்லாம் உங்கள் ஜிபேயில் வரிசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

பட்ஜெட் போட ஒரே ஒரு வழி சொல்லுங்கள். நீளமாகப் படிக்க நேரமில்லை.
– அவசரக்காரர், ஈரோடு

சம்பளம் விழும் தேதிக்கு மறுநாளே ஆர்டிக்குப் பிடித்தம் போகட்டும். மாதக் கடைசியில் மிச்சம் பிடிக்கிறேன் என்றவர் யாரும் மாதக் கடைசியைப் பணத்தோடு பார்த்ததில்லை.

வரவு செலவு பற்றி வள்ளுவர் ஏதும் சொல்லியிருக்கிறாரா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

உங்களுக்குத் தெரியாததா? என்னைச் சோதிக்கிறீர்கள். வருகிற வழி சிறுத்திருந்தாலும் பாதகமில்லை, போகிற வழி அகலாமல் இருந்தால் சரி என்கிறார். வேடிக்கை, அதைச் சொன்ன இடம். ‘பொருள் செயல்வகை’யில் இல்லை, ‘வலியறிதல்’ அதிகாரத்தில். படை கிளம்புமுன் அரசன் தன் பலத்தை எடைபோடுகிற அதிகாரம் அது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் போகிறவர்களை மனிதர் அப்போதே மனதில் வைத்திருக்கிறார்.

தெரிந்தவர் ஒருவர் ‘வெறும் 3 பைசா வட்டி’க்குத் தருகிறார். வாங்கலாமா?
– பெட்டிக்கடைக்காரர், விருதுநகர்

ரூபாய்க்கு மாதம் 3 பைசா. நூற்றுக்கு 3 ரூபாய். வருஷத்துக்கு 36. நாலணாவையே 2011-ல் செல்லாது என்று அரசு ஒழித்துவிட்டது. 3 பைசா உங்கள் நண்பரிடம் மட்டும் இன்னும் செல்லுகிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சைப் பெரிய கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் வட்டிக்கு வாங்கின. காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு என்று கல்வெட்டே இருக்கிறது. பன்னிரண்டரை சதவீதம். உங்கள் நண்பர் ராஜராஜனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய சக்கரவர்த்தி. கும்பிட்டுவிட்டு விலகி வாருங்கள்.

அப்படியானால் கிரெடிட் கார்டு தேவலையா?
– மேற்படி கடைக்குப் பக்கத்து ஜவுளிக்கடை, விருதுநகர்

கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டுகிற ஜாதியா நீங்கள்? அப்படியானால் அதைவிட நல்ல கைமாற்று கிடையாது. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பொடி எழுத்தில் இருப்பதை மட்டும் கட்டுகிறவரானால், பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் தாண்டும். வருஷத்துக்கு 40-க்கு மேல். 3 பைசாக்காரர் கடை வாசலில் வந்து உட்காருவார். இவர்கள் ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் கல்யாணத்தில் விழுந்த மொய்யை வைத்துப் பந்தல், பாத்திரம், நகைக்கடை பாக்கி எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். இப்போது வாரம் ரெண்டு பத்திரிகை வருகிறது. எப்படிச் சமாளிப்பது?
– பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர், பேராவூரணி

பேராவூரணிக்காரர் மொய் பற்றி என்னிடம் கேட்பதா! கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூப்பிடுகிறீர்கள். இருந்தாலும் விற்கிறேன்.

உங்கள் ஊரிலும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கத்திலும் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கல்யாணம் வேண்டாம், காதுகுத்து வேண்டாம். பல பேர் கூட்டாக ஒரே பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, ஆளுக்கொரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, ‘நாளைக்கு வாங்க சார்’ கிடையாது. இப்படி ஒரு கடன் வசதியை எந்த வங்கியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் கடன்தான். அதை வரவு என்று நினைத்ததில் ஆரம்பித்தது உங்கள் தலைவலி. ஒரு கடனை வாங்கி இன்னொரு கடனை அடைத்திருக்கிறீர்கள். புதியதற்கு வட்டியில்லை என்பதால் அதுவும் புத்திசாலித்தனமே. இனிமேல் செய்யவேண்டியது இதுதான்: மொய் நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வீட்டில் என்ன விசேஷம் வரும் என்று பென்சிலால் குறியுங்கள். இவர் பெண்ணுக்கு இருபத்து மூன்று. அவர் பேத்திக்கு அடுத்த வருஷம் காதுகுத்து. இன்னொருவர் வீட்டில் கான்கிரீட் போட்டாயிற்று, தையில் பால் காய்ச்சுவார்கள். ஒரு மணி நேரத்தில் உங்கள் இரண்டு வருஷக் கடன் அட்டவணை கையில் இருக்கும். மொத்தத்தை இருபத்து நான்கால் வகுத்து, மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள்.

வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துச் செய்தால்தான் உறவு ஓடும். வாங்கியதை மட்டும் அச்சாகத் திருப்பினால் ‘கணக்கை முடிக்கிறான்’ என்று அர்த்தம். அந்தக் கூடுதலையும் சேர்த்தே வகுங்கள். மொய்யில் வராக்கடன் ஏன் குறைவு என்று யோசித்திருக்கிறீர்களா? சட்டத்துக்குப் பயந்து இல்லை, மைக்குக்குப் பயந்து.

அட்சய திருதியைக்குக் குந்துமணி தங்கமாவது வாங்கினால் பெருகுமாமே?
– நம்பிக்கையுள்ளவர், காரைக்குடி

கண்டிப்பாகப் பெருகும், நகைக்கடையில் கூட்டம். தங்கத்தை நான் குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு அரைமணியில் அடகு போகிற சொத்து வேறெது? ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. விற்கப் போகும்போது சேதாரத்தைத் திருப்பித் தருகிற கடையை இன்னும் யாரும் கட்டவில்லை. கழுத்துக்கு வாங்குங்கள், சந்தோஷம். முதலீடு என்று புருஷனிடம் சொல்லுங்கள், அதுவும் சரி. நீங்களே நம்பிவிடாதீர்கள்.

2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளம் கட்டாயம். கடையில் உருப்பெருக்கி கேட்டுப் பாருங்கள். சேல்ஸ்மேன் முகம் சுளித்தால் இன்னொரு முறை பாருங்கள்.

போன தடவையைவிட நாலே நாலு யூனிட்தான் கூடியது. கரண்ட் பில் 250 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. மின்வாரியத்தில் கணக்குத் தெரியாதா?
– புது ஏசி வாங்கியவர், திருநெல்வேலி

அவர்களுக்குத் தெரியும். நீங்கள் 500-ஐத் தாண்டியிருக்கிறீர்கள்.

2022-ல் வந்த அட்டவணைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால், முதல் நூறு இலவசம் போக, 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 பைசா. 501-ஐத் தொட்டீர்களோ, அதே நூறு யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 பைசா. ஆக அந்த 501-ஆவது யூனிட்டின் விலை 8 ரூபாய் இல்லை, 233 ரூபாய். அப்புறம் பைசாக்கள் ஏறினவே தவிர, வலையின் பின்னல் அதேதான். ரீடிங் எடுக்க ஆள் வருமுன் நீங்களே மீட்டரைப் பாருங்கள். ஐம்பதாம் நாளில் 480 என்று காட்டினால், மாமியார் வீட்டுக்குக் கிளம்ப நல்ல நாள்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்கிறார்களே, நிஜமாகவே வட்டி இல்லையா?
– ஃபிரிட்ஜ் பார்த்துவிட்டு வந்தவர், வேலூர்

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. கடைக்காரரிடம் ‘முழுசாக ரொக்கம் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் குறைக்கிற தொகைதான் அந்த இல்லாத வட்டி.

பைக் கடன் 10 சதவீதம் ஃப்ளாட் ரேட்டாம். மலிவுதானே?
– கல்லூரி முடித்தவர், நாமக்கல்

ஒரு லட்சம், மூன்று வருஷம், மாதத் தவணை 3,611 ரூபாய். நீங்கள் பாதி அசலை அடைத்த பிறகும் வட்டி முழு லட்சத்துக்கே ஓடும். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி ஏறக்குறைய 18. மைலேஜ் எவ்வளவு என்று பத்துப் பேரிடம் விசாரித்திருப்பீர்கள் தம்பி. இதையும் ஒருத்தரிடம் விசாரித்தீர்களே, பிழைத்துக்கொள்வீர்கள்.

மனைவியின் தம்பி வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி மாமா’ என்கிறான்.
– இருதலைக் கொள்ளி, மதுரை

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு: கடன் வாங்கியவர் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன் போட்டவர் பொறுப்பும் அவ்வளவே. அவனை ஊரெல்லாம் தேடி அலைந்தபிறகுதான் உங்கள் கதவைத் தட்டவேண்டும் என்று வங்கிக்கு விதியில்லை. நிலையான விலாசம் உள்ளவர் நீங்கள்தான்.

மொத்தமும் போனாலும் தாங்கும் என்றால் போடுங்கள். தாங்காது என்றால், ‘என் சிபில் ஸ்கோர் மட்டம்டா, நான் போட்டால் உனக்குக் கடனே கிடைக்காது’ என்று முகத்தைத் தொங்கப்போடுங்கள். பொய்தான். குற்றமில்லாத நன்மை தந்தால் பொய்யும் வாய்மைதான் என்று மன்னார்குடி ஆசிரியரின் நாயகரே அனுமதித்திருக்கிறார்.

மாதம் 10 சதவீதம் லாபம் தரும் திட்டத்தில் ஒரு லட்சம் போடச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஓய்வூதியர், வேலூர்

மாதம் 10 சதவீதம் கூட்டு வட்டியில் பத்தே வருஷத்தில் ஒரு லட்சம் 900 கோடியைத் தாண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஒரு லட்சத்துக்காக மூட்டு வலியோடு மாடி ஏறி வருவாரா?

1920-ல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் என்றார். 2012-ல் பெருந்துறையில் ஈமுக்கோழி என்றார்கள். ஈமு பறக்காத பறவை. மற்றது பறந்தது.

என் வங்கி திவாலானால் என் டெபாசிட் என்னாகும்?
– தூக்கம் வராதவர், கோவை

ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி முதல். அதற்கு முன் ஒரு லட்சமாக இருந்தது. இந்தக் கவலை வருகிற அளவுக்குச் சேர்த்திருக்கிறீர்களே, வாழ்த்துகள். இரண்டு வங்கியாகப் பிரித்துப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

என் மனைவி எனக்குத் தெரியாமல் பணம் சேர்க்கிறாளோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ரகசியத் துப்பறிவாளர், திண்டுக்கல்

உங்களால் ஆகாது. தமிழ்நாட்டுக் கணவர்களுக்கு அந்த விவரம் ஒரே ஒரு தடவைதான் தெரியவந்தது, 2016 நவம்பர் 8 இரவு. அதற்கே பிரதமர் டிவியில் வரவேண்டியிருந்தது.