கையெழுத்துக்கு மட்டும் வீட்டுக்காரன்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. மனைவி இதை வாசித்தால் முதல் வேலையாக 'எனக்கு' என்ற சொல்லை வெட்டிவிடுவாள். வீடு அவளுடைய சீதனம். உறுதி அவள் பெயரில். உறுதி இருக்கும் அலுமாரியின் திறப்பும் அவளிடம். வாசல் பெயர்ப்பலகையில் மட்டும் என் பெயர் இருக்கிறது. பலகை வாங்கிய காசு என்னுடையது என்பதால் அதை அவள் ஆட்சேபிக்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஓர் உரிமை உண்டென்று பென்சன் எடுத்தபிறகு கண்டுபிடித்தேன். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையும், பின்னால் வந்த 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் சொல்கிறபடி, யாழ்ப்பாணத்து மனைவி தன் காணி வீட்டை விற்பதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நான் சட்டைப் பையில் பேனையைச் செருகிக்கொண்டு ஹோலில் நிமிர்ந்து நடந்தேன். நடை இரண்டு பக்கம் புரட்டும்வரைதான் நிலைத்தது. கணவன் சிறையில் இருந்தாலோ, சித்தம் கலங்கியிருந்தாலோ, இருக்கிற இடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு அவனில்லாமலே விற்கலாம்.

"இதில எது உங்களுக்குப் பொருந்துமெண்டு நான் நீதிபதிக்குச் சொல்லட்டே?" என்றாள்.

அதற்குமுன் இன்னொரு வழக்கையும் தீர்க்க வேண்டும். தேசவழமை யாழ்ப்பாணவாசிகளான தமிழருக்குரிய சட்டம். கொழும்பில் உத்தியோகம் பார்த்து, கொழும்பிலேயே பிள்ளை பெற்று வளர்த்தவன் யாழ்ப்பாணவாசியா இல்லையா என்று நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் நானும் உடைத்துக்கொள்வேன். கொழும்பில் யாராவது "ஊரில எவடம்?" என்றால் யோசிக்காமல் "கோண்டாவில்" என்கிறேன். கோண்டாவிலில் இறங்கி நடந்தால் "கொழும்பார் வந்திருக்கினம்" என்கிறார்கள். 1958 இலும் 1983 இலும் இனக்கலவரம் வந்தபோது கொழும்புத் தமிழரைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். ஊருக்குப் போங்கள் என்று ஏற்றப்பட்டவர்களில் அந்த ஊரைப் பள்ளிக்கூட விடுமுறையில் மட்டும் பார்த்தவர்களும் இருந்தார்கள். அரசாங்கத்துக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. நீதிமன்றத்துக்குத்தான் இருந்தது.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டில் என் இடம் எது என்பது வந்திருப்பவர்களைப் பொறுத்தது. விசா நேர்முகம், கண் ஒப்பரேஷன், கல்யாணப் புடவை, கட்டுநாயக்காவில் ஆளை ஏற்றி இறக்குதல் எல்லாவற்றுக்கும் கொழும்பில் ஒரு வீடு வேண்டும். இரவு பஸ் விடியப்புறம் காலி வீதியில் ஆட்களை இறக்கும். பெரியம்மா வந்தால் அறைக் கட்டில் அவருக்கு. மருமகப்பிள்ளை வந்தால் ஏசி அறை அவருக்கு. எனக்கு ஹோலில் சோபா. சோபாவுக்கும் ஆள் வந்துவிட்டால் சுவாமிப் படத்துக்குக் கீழே பாய்.

ஆட்களோடு உரப்பையும் வரும். வாயைச் சணல் நூலால் தைத்து, மேலே என் பெயரை நீல மையால் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். உள்ளே ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, அடியில் நசிந்த இரண்டு கறுத்தக்கொழும்பான். முருங்கைக்காய்க் கட்டு மட்டும் தனியே தலையை நீட்டிக்கொண்டு வரும். அது லிஃப்டுக்குள் நேராக நிற்காது, சரித்துப் பிடித்தால் கதவு மூடாது. மூன்றாம் மாடிக்காரர் தன் நாயோடு வெளியே காத்துநிற்க, நான் முருங்கைக்காயை மார்போடு அணைத்தபடி மேலே போவேன். முகாமைத்துவக் குழுக் கூட்டத்தில் 'நீளமான பொருட்கள்' பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. பெயர் குறிப்பிடவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சகலனுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாசல் நேரே தெருவில் திறக்கிற பழைய வீடு. முருங்கைக்காய் எந்த நீளத்திலும் போகலாம். ஆனால் எங்கள் சனத்துக்குக் கொட்டாஞ்சேனை தூரம். அவருக்கு அதில் மனத்தாங்கல். "இராமநாதன் கருங்கல்லில கட்டின பொன்னம்பலவாணேசர் எங்கட பக்கம். செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட எல்லாச் சமயத்துச் சனமும் வருகுது. உங்கட வெள்ளவத்தையில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"சொந்தக்காரர்" என்றேன்.

இந்த வீட்டின் தலைவன் நான்தான் என்று மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது பொலிஸ் மட்டும்தான். யுத்த காலத்துப் பதிவுப் படிவத்தில் 'பிரதான குடியிருப்பாளர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மனைவியும் அப்போது ஆட்சேபிக்கவில்லை. தங்கியிருப்பவர்கள் யார், எதற்கு வந்தார்கள், எப்போது போவார்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார். கடைசிக் கேள்வியை என் சொந்தக்காரரிடம் கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. பெரியம்மாவின் முகத்தை ஆவலோடு பார்த்தேன். "முருகன் விட்டால்" என்றார் பெரியம்மா. பொலிஸ்காரர் அதை எப்படி எழுதினாரோ தெரியாது.

அப்படி ஒரு வீட்டுக்காரனின் கையெழுத்துக் கிடைக்காதவர்கள் லொட்ஜில் இருந்தார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடிய முன்னரே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த 376 பேரை பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் வவுனியாவுக்கு. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் பிறகு வருத்தம் தெரிவித்தார். 'இடமில்லை, லொட்ஜில் நில்லுங்கோ' என்ற வசனத்தை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒருவரும் சொன்னதில்லை. பாய்தான் கூடியது.

இப்போது ஸ்காபரோவிலிருந்து மகள் சொல்கிறாள்: "வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ." மனைவிக்கும் அரைமனம். நான் பேனையைத் தட்டிப் பார்த்து வைத்துக்கொண்டேன். செய்தி குடும்ப வட்சப் குழுவுக்குள் போனதுதான் தாமதம், பாரிஸிலிருந்து மருமகன், "டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றான். உடுவில் சித்தி, "பிள்ளையின்ர விசாவுக்கு அங்கைதானே நிக்க யோசிச்சனாங்கள்" என்றார். உறுதியில் பெயருள்ளவளையும் கேட்கவில்லை, சட்டப்படி சம்மதிக்க வேண்டியவனையும் கேட்கவில்லை. விற்பதில்லை என்று முடிவாகிவிட்டது.

இரவு பெரியம்மா போன் எடுத்தார்.

"தம்பி, விக்கிற கதையை விடு. அந்த வெளிப் பாத்ரூமில தண்ணி நூலாத்தான் வருகுதெண்டு போன முறையே சொன்னனான். பிளம்பரைக் கூப்பிட்டனியே?"