பசுவை வித்தவனும் பிளெக்ஸ் வச்சவனும்

லேய் மக்கா, இங்கே வா. அந்த மொபைலைக் கொஞ்சம் கவுத்தி வையி. உன் தம்பி ஹாக்கி மட்டையைத் தோளிலே போட்டுக்கிட்டு வந்தான்னு சிரிச்சியாமே? "கால்பந்து ஆடுற ஊரிலே இவன் கம்பைத் தூக்கிட்டு அலையுதான், மாடு மேய்க்கவா போறான்"னு கேட்டியாமே? நல்ல கேள்வி ஆக்கும். மாட்டுக்கும் ஹாக்கிக்கும் சம்பந்தம் உண்டு, அதைப் பொறவு சொல்லுதேன். முதல்லே உன் வழக்கைத் தீர்ப்போம்.

நீ அர்ஜென்டினா கட்சி. உங்க அப்பன் பிரேசில். வீட்டிலே அடுப்பு ஒண்ணு, கொடி ரெண்டு. 2022 உலகக்கோப்பைக்குக் கோழிக்கோட்டுப் பக்கம் புல்லாவூரிலே ஆத்துக்கு நடுவிலே மெஸ்ஸியை நட்டு வச்சானுவ, எதிர்க்கட்சிக்காரனுவ நெய்மாரைக் கொண்டு வந்து நட்டானுவ. அதைப் பாத்து நீயும் சந்தியிலே பெருசா ஒரு பிளெக்ஸ் கட்டினே. நான் குத்தம் சொல்லேல்ல. இடவப்பாதி மழைக்கு அது நம்ம கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்து நல்லா உதவுச்சு. மெஸ்ஸிகிட்டே நம்ம கோழி எல்லாம் கடன்பட்டிருக்கு.

ஆனா அர்ஜென்டினான்னு நெஞ்சிலே அடிச்சுக்கிறவன் அந்த நாட்டுக் கதையை முழுசாத் தெரிஞ்சு வச்சிருக்கணும் இல்லியா? 2016-லே ரியோ ஒலிம்பிக்ஸ். ஆண்கள் ஹாக்கியிலே தங்கம் யாருக்கு? உன் அர்ஜென்டினாவுக்குத்தான். கடைசி ஆட்டத்திலே பெல்ஜியத்தை 4-2-ன்னு மடக்கினானுவ. அன்னைக்கு நீ கொடி கட்டினியா? பட்டாசு விட்டியா? அவங்க ஹாக்கி ஆடுவாங்கன்னே உனக்குத் தெரியாது. அது போகட்டும். தங்கம் வாங்கின அந்த அணி அந்த ஒலிம்பிக்ஸிலே ஒரே ஒரு ஆட்டம் தோத்துது. யாருகிட்டே? நம்மகிட்டே. 2-1. நம்ம கேப்டன் யாரு? எறணாகுளம் ஜில்லா கிழக்கம்பலத்துப் பிள்ளை, பி.ஆர். ஸ்ரீஜேஷ். கோல் வலைக்கு முன்னாலே நின்னதும் அவன்தான். பொறவு கால் இறுதியிலே பெல்ஜியத்துக்கிட்டே நாம தோத்து ஊருக்கு வந்தோம். அதையும் சொல்லிப்போடுதேன், பாட்டா மறைச்சுட்டான்னு நாளைக்குச் சந்தியிலே பறையாதே.

இன்னும் கேளு. டோக்கியோவிலே அதே அர்ஜென்டினாவை லீக் ஆட்டத்திலே 3-1-ன்னு அடிச்சோம், வலையிலே ஸ்ரீஜேஷ். பாரிஸிலே 1-1, அதுவும் நம்ம ஹர்மன்பிரீத் கடைசி நேரத்திலே ஒண்ணைத் தள்ளி மானத்தைக் காப்பாத்தினான். 2025 டிசம்பர் 10-ஆம் தேதி சென்னை எழும்பூரிலே ஜூனியர் உலகக்கோப்பை வெண்கல ஆட்டம். எதிரே மறுபடியும் உன் ஆளுவதான். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போ நாம 0-2. அங்கேயிருந்து பதினோரு நிமிஷத்துக்குள்ளே நாலு கோல் போட்டு 4-2! அந்தப் பிள்ளைகளுக்குக் கோச் யாரு? அதே ஸ்ரீஜேஷ். கேப்டனா ஒரு தடவை, கீப்பரா ஒரு தடவை, கோச்சா ஒரு தடவை, உன் அர்ஜென்டினாவுக்கு மருந்து குடுத்தவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு நீ ஒரு முழத் துணி கட்டேல்ல. அவங்க நம்மளை அடிச்ச கதையும் நிறைய உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது ரசிகர் மன்றத்தோட ஜோலி, என்னை ஏன் கேக்கே?

இப்பம் மாட்டுக்கு வருவோம்.

அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயசிலே திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்கு வந்தான். எங்கே? நம்ம ஜில்லாவிலேதான், பாறசாலையிலேருந்து பஸ்சு ஏறினா மத்தியானச் சோத்துக்குத் திரும்பிடலாம். வந்தது ஓட்டத்துக்கு. பொறவு நீளம் தாண்டினான், வாலிபால் தட்டினான். அங்கே இருந்த கோச்சு ஆளைப் பாத்து, நீ ஹாக்கி கோலிலே போய் நில்லுடேன்னு சொல்லிட்டாரு. நிக்கலாம், ஆனா சும்மா நிக்க முடியாது. காலுக்குப் பேடு வேணும், நெஞ்சுக்கு, கைக்கு, தலைக்குன்னு தனித்தனியா வேணும். முன்னாலே ஓடுதவனுக்கு ஒரு மட்டை போதும், கீப்பருக்குச் சின்னக் கல்யாணச் செலவு. அப்பன் விவசாயி. வீட்டிலே நின்ன பசுவை வித்துப் பணம் குடுத்தாரு. ரெண்டு ஒலிம்பிக் வெண்கலம், கேல் ரத்னா, பத்ம பூஷண் எல்லாத்துக்கும் முதல் முதலீடு அந்தப் பசு ஆக்கும். அதை எந்த விருது மேடையிலேயும் ஏத்தல்லே, பாவம்.

உன் தம்பியையும் நான் கோலிலே நிக்கத்தான் சொல்லப்போறேன். சிரிக்காதே, காரணம் இருக்கு. ஹாக்கியிலே பந்து காலிலே பட்டா விசில் ஊதிடுவான். காலாலே தட்டுற உரிமை மைதானத்திலே கோல்கீப்பருக்கு மட்டும்தான். பொழியூர், பூவார்னு தவழும்போதே பந்தை உதைக்கிற கடற்கரைக்குப் பக்கத்திலே பிறந்தவனுக்கு வேறே எந்த இடம் சரிப்படும்? கேரளத்திலேருந்து ஆண்கள் ஹாக்கியிலே ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவனுவ ரெண்டே பேரு, கண்ணூர் மானுவல் பிரடெரிக்கும் ஸ்ரீஜேஷும். ரெண்டு பேரும் கோல்கீப்பர். இது என் சொந்த ஆராய்ச்சி, எந்தப் புத்தகத்திலேயும் தேடாதே.

வேலை என்னன்னு தெரிஞ்சுக்கோ. கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். பந்து 160 கிராம் சுமாருக்கு வரும், தொட்டுப் பாத்தா கல்லு. அதைப் பெனால்டி கார்னரிலே இழுத்து வீசுதானுவளே, டிராக் பிளிக், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே போகும். தடுக்க நம்ம பக்கம் கீப்பரையும் சேர்த்து அஞ்சு பேரு. மத்தவனுவ எல்லாம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பத்து பந்தைத் தடுத்தா யாரும் எண்ண மாட்டான். ஒண்ணு உள்ளே போனா பாறசாலைச் சந்தை வரைக்கும் பேச்சு.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, டோக்கியோ. வெண்கலத்துக்கு ஜெர்மனிக்கு எதிரா ஆட்டம். 1-3-ன்னு பின்னாலே கிடந்தோம், அங்கேயிருந்து எழும்பி 5-4. முடிய ஆறு செகண்டு இருக்கும்போ ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். 1980-க்குப் பொறவு 41 வருஷமா ஹாக்கியிலே ஒரு பதக்கம் கிடையாது. உள்ளே போனா சமன், பொறவு ஷூட் அவுட். அடிச்சான். ஸ்ரீஜேஷ் தடுத்தான். பொறவு என்ன செஞ்சான் தெரியுமா? கோல் கம்பத்து மேலே ஏறிப் போய் உக்காந்தான். அவ்வளவு நேரம் கீழே நின்னு காவல் காத்தவன், பின்னே மேலே ஏறிக் கொஞ்சம் காத்து வாங்கக் கூடாதா? பாரிஸிலேயும் அப்படித்தான். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியிலே அமித் ரோகிதாசுக்கு 17-ஆம் நிமிஷத்திலேயே சிவப்பு அட்டை. பொறவு முழுக்கப் பத்து பேரு. 1-1-ன்னு கொண்டுபோய் ஷூட் அவுட்டிலே 4-2. நாலு நாள் கழிச்சு ஸ்பெயினை 2-1, ரெண்டும் ஹர்மன்பிரீத் போட்டது. அத்தோட ஸ்ரீஜேஷ் மட்டையைக் கீழே வச்சான். அவன் போட்டிருந்த 16-ஆம் நம்பரையும் சீனியர் அணியிலே இனி யாருக்கும் இல்லேன்னு எடுத்து வச்சுட்டானுவ.

அதுக்கு முன்னாலே மூனிக் 1972. மானுவல் பிரடெரிக் வலையிலே. வெண்கல ஆட்டத்திலே ஹாலந்தை 2-1. இன்னைக்கு இருக்கிற தலைக்கவசம், பஞ்சுமெத்தை மாதிரிப் பேடு ஒண்ணும் அப்பம் கிடையாது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் மலையாளி அவருதான். அவருக்குத் தியான் சந்த் விருது குடுத்தது எப்பம்? 2019-லே. 47 வருஷம்! அவசரப்பட்டுக் குடுத்துடக் கூடாது இல்லியா, நல்லா ஆலோசிச்சுத்தான் குடுத்திருக்கானுவ. 2025 அக்டோபர் கடைசியிலே பெங்களூரிலே அந்த மனுஷன் கண்ணை மூடினாரு. அன்னைக்கு நம்ம சாயாக்கடையிலே அந்தப் பேரைச் சொன்னேன். "யாரு, சினிமா நடிகரா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் சாயாவைக் குடிச்சுட்டு எழும்பி வந்துட்டேன்.

நெய்யாற்றின்கரைக் கோயிலிலே அம்மச்சிப் பிலாவைப் பாத்திருக்கே இல்லியா? எட்டுவீட்டுப் பிள்ளைமாரு துரத்தினப்போ மார்த்தாண்டவர்மா அந்தப் பிலாவுப் பொந்துக்குள்ளே ஒளிஞ்சாரு. பொறவு ராஜா ஆனாரு, கோயில் கட்டினாரு, மரத்துக்கும் மரியாதை. பொந்துக்குள்ளே ஒளிஞ்சவருக்கு அவ்வளவும் கிட்டுச்சு. எதிரே வந்ததை நெஞ்சிலே வாங்கினவருக்கு 47 வருஷம். நான் ராஜாவைக் குறை சொல்லேல்ல, திருவிதாங்கூர்க்காரன் நான். கணக்கு மட்டும் சொல்லுதேன்.

டோக்கியோ முடிஞ்சப்போ ஊரெல்லாம் கோடி கோடியா அறிவிச்சானுவ, பஞ்சாபுக்காரன் அவன் பிள்ளைகளுக்கு உடனே சொல்லிட்டான். நம்ம பக்கம் கைத்தறிக்காரங்க ஒரு வேட்டியும் சட்டையும்னு முதல்லே முந்திக்கிட்டாங்க. பாலராமபுரம் நம்ம தாலுகாதான், நெசவைப் பத்தி நான் ஒரு வார்த்தை குறைச்சுப் பறைய மாட்டேன். பொறவு சர்க்காரு 2 கோடின்னு சொன்னதும் ஜனம் மூச்சு விட்டது. பாரிஸ் முடிஞ்சு 2024-லே வரவேற்பு வைக்கிறோம்னானுவ. அவன் வேலை பாக்கிறது கல்வித் துறையிலே, ஆட்டமோ விளையாட்டுத் துறைக்குச் சேந்தது. மாலையை யாரு போடுறதுன்னு ரெண்டு துறையும் முட்டிக்கிட்டு விழாவைத் தள்ளி வச்சுட்டானுவ! ஜெர்மனிக்காரன் பந்தைத் தடுத்தவனாலே ரெண்டு பைலு மோதிக்கிறதைத் தடுக்க முடியல்லே. பொறவு ஒரு வழியா நடந்தது, சும்மா சொல்லக்கூடாது.

"அப்பம் தமிழ்நாட்டுப் பக்கம் போகட்டுமே"ன்னு நீ சொல்லுவே. களியிக்காவிளை தாண்டினா வேறே கதைதான். 1980-லே மாஸ்கோவிலே ஸ்பெயினை 4-3-ன்னு ஜெயிச்சுத் தங்கம் வாங்கின கேப்டன் சென்னை வாசுதேவன் பாஸ்கரன். நாலு ஒலிம்பிக்ஸ் ஆடின தன்ராஜ் பிள்ளை புனே கட்கியிலே பிறந்த தமிழ் வீட்டுப் பிள்ளை. கோவில்பட்டியிலே தெருவுக்குத் தெரு மட்டை. அங்கேயிருந்து மாரீஸ்வரன், அரியலூரிலேருந்து கார்த்தி, ரெண்டு பேரும் 2022-லே ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குப் போனானுவ. கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிரா கோல். அந்தப் பக்கம் முன்னாலே ஓடுதவன், இந்தப் பக்கம் வலையிலே நிக்குதவன். 1956-லே கோடு போட்டப்போ விளவங்கோட்டை அங்கேயும் நம்மளை இங்கேயும் பிரிச்சானுவ, ஹாக்கியையும் அப்படியே பிரிச்சிருப்பானுவ போலிருக்கு. நம்ம வீடு கோட்டுக்குப் பக்கத்திலே. தம்பிக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். ரெண்டு பக்கமும் திட்டு வாங்குற தகுதி அவனுக்கு உண்டு.

மைதானம் ஒரு பிரச்சினை, அது உள்ளதுதான். 1976 மான்ட்ரியலிலே புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை போட்டான், ஏழு தங்கம் வாங்கியிருந்த நாம ஏழாவது இடம். அரை நூற்றாண்டு ஆகப்போகுது, நம்ம பள்ளிக்கூடத்திலே இன்னும் செம்மண்ணு. கொல்லம் ஆசிராமத்திலே செயற்கைத் தரை இருக்கு, ரயிலு ஏறிப் போகணும். அதுக்கு டிக்கெட் நான் எடுத்துக் குடுப்பேன். மரச்சீனி வித்த காசு கொஞ்சம் இருக்கு.

ஆனா பேடுக்கும் ஹெல்மெட்டுக்கும் அது எட்டாது. உங்க அப்பன்கிட்டே கேட்டா ரப்பர் விலையைப் பத்தி அரை மணிக்கூர் அழுவான். தொழுவத்திலே பசு கிடையாது, உங்க பாட்டி காலத்தோட போச்சு. வீட்டைச் சுத்தி வந்து பாத்தேன். விக்கிறதுக்குத் தோதா திண்ணையிலே ஒண்ணு நிக்குது. பால் தராது, சாணி போடாது, பெட்ரோலு மட்டும் குடிக்குது. வண்டியைப் பாக்க உதியன்குளங்கரையிலேருந்து நாளைக்குக் காலையிலே ஆள் வரும், நான் விலை பேசிட்டேன். ஆர்சி புக்கையும் சாவியையும் இங்கே வச்சுட்டுப் போ.

ஏன் முகம் அப்படிப் போகுது? அந்தப் பசுகூட இப்படி முழிச்சிருக்காதுடே.