நரி, பரி, பெட்ரோல்

மதுரைக்காரனுக்கு வண்டிச் செலவு கட்டுப்படியாகாமல் போனது இன்று நேற்றல்ல. அரிமர்த்தன பாண்டியனுக்கே கட்டுப்படியாகவில்லை. அப்போது வண்டி என்றால் குதிரை. உள்ளூரில் கிடைக்காது, கப்பலில்தான் வர வேண்டும். ராஜா பொன்னை அள்ளி நம்பகமான அமைச்சரிடம் கொடுத்து, வாங்கி வாரும் என்றார். அமைச்சர் நம்ம திருவாதவூர்க்காரர் மாணிக்கவாசகர். மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை தாண்டிப் போனால் அவர் ஊர் வந்துவிடும். அவரோ திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார், உருகினார், குதிரைப் பணத்தையெல்லாம் கோயில் திருப்பணிக்குப் போட்டுவிட்டார். ஒரு கணக்கில் வாங்கிய காசை இன்னொரு கணக்கில் செலவழிக்கும் நிதி நிர்வாகத்துக்கு மாணிக்கவாசகரே முன்னோடி. ஆனால் அவரால் நமக்குத் திருவாசகம் கிடைத்தது. பெட்ரோல் செஸ்ஸால் அப்படி எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

குதிரை எங்கே என்று ராஜா கேட்டதும், ஆவணி மூலத்தன்று வரும் என்று தேதி சொல்லப்பட்டது. சொன்னபடி வந்தது. ராத்திரியானதும் அத்தனையும் நரியாகி ஊளையிட்டு, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போனது. கலப்படப் பெட்ரோல் போட்டு இன்ஜினைப் பறிகொடுத்தவர்களுக்கு ராஜாவின் வயிற்றெரிச்சல் புரியும்.

அப்புறம் வைகையில் வெள்ளம், வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்காகக் கரையடைக்கக் கூலியாளாக வந்த சிவபெருமான். வேலை செய்யாமல் தூங்கியவரைப் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி ராஜா உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. டீசல் விலையைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. அடி லாரிக்கு, வீங்குவது மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கத்தரிக்காயும் மல்லிகைப் பூவும்.

புராணம் வேண்டாம், ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்கு மார்க்கோ போலோ இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர். ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், வருஷக் கடைசியில் நூறுகூட உயிரோடு தேறுவதில்லை, வளர்க்கத் தெரியவில்லை என்று எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமானவர். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். வரும் வழியில் கடலில் செத்ததற்கும் பாண்டியன் பணம் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். குதிரைகள் வந்தது பாரசீக வளைகுடாவிலிருந்து. அனுப்பிய வியாபாரியின் சகோதரர்தான் இங்கே பாண்டியனின் அமைச்சர். ராஜாவுக்கு எப்படிப்பட்ட விலை கிடைத்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது மட்டும் மதுரை கொஞ்சம் ரோஷம் காட்டியது. பஸ்ஸின் பின்னால் பீப்பாயைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். அதற்கான சாதனத்தை நம்மூர் டி.வி.எஸ். கம்பெனியே தயாரித்தது. கிளீனர் வியர்க்க வியர்க்கக் கைப்பிடியைச் சுற்றினால்தான் நெருப்புப் பிடிக்கும். மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்கள் இறங்கித் தள்ளினார்கள்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. இங்கே விலை ஏறியது. நவம்பர் 12 அன்று அதைக் கண்டித்து வாஜ்பாய் டில்லியில் மாட்டு வண்டியில் ஏறிப் பாராளுமன்றம் போனார். நல்ல படம் கிடைத்தது. பின்னாளில் அவரே பிரதமராகி, விலையும் ஏறியபோது, மாடுகளுக்கு அழைப்பு வரவில்லை. மதுரைக்காரர்கள் நாம் அதற்குள் உஷாராகி, 1999இல் மாட்டுச் சந்தைக்குப் பேர்போன இடத்தில் பஸ் நிலையத்தைத் திறந்துவிட்டோம். இனி யாராவது அந்த மாதிரிப் போராட நினைத்தால் மாட்டுத்தாவணியில் பஸ்தான் கிடைக்கும், மாடு கிடைக்காது.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் மைனஸ் 37 டாலருக்குப் போனது. அதாவது எண்ணெயையும் கொடுத்துக் காசும் கொடுத்தார்கள். நமக்கும் விடிந்தது என்று நினைத்தவர்கள் அடுத்த மாதமே தெளிந்தார்கள். மத்திய அரசு லிட்டருக்குப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றியது. உலகத்தில் விலை ஏறினால் நமக்கும் ஏறும், இறங்கினால் வரி ஏறும்.

2021இல் கரூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில், குழந்தைகள் 20 குறள் ஒப்பித்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் இலவசம் என்றார்கள். வள்ளுவரே வந்து 1,330ஐயும் ஒப்பித்தாலும் 66.5 லிட்டர்தான் தேறும். பெரிய கார் ஒன்றுக்கு ஒரு தடவை டேங்க் நிறையும். ஜூலையில் சென்னையில் விலை நூறைத் தாண்டியது. ஆகஸ்ட் 13 அன்று நம்ம மதுரை மத்தியத் தொகுதிக்காரர், அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார். தேர்தல் வாக்குறுதி 5 ரூபாய். டீசலுக்குச் சொன்ன 4 ரூபாய், குதிரை வாங்கப் போன பணம் போல, வந்து சேரவில்லை.

2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் 2 ரூபாய் குறைந்தபோதும் சென்னையில் பெட்ரோல் 100.75 ரூபாய். மதுரையில் இன்னும் கொஞ்சம் கூடவே. நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னால் லிட்டர் முழுசாக வராது. பங்க் தம்பி "ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்பார். அதையாவது மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.